கரிசல் மண்ணில் நிற்கிற ஸ்டாண்டு

எங்கள் கார் நிற்பது வீட்டுக்கு முன்னால், வெறும் கரிசல் தரையில். பழைய கார், சின்னது. முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்தால் பின் சீட்டு முழுக்கத் துணி மூட்டை ஏறிவிடும். என் வீட்டுக்காரர் புதியம்புத்தூரிலிருந்து வெட்டின துணியை எடுத்துவந்து, நாகலாபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டில் மிஷின் வைத்துத் தைக்கிற பெண்களிடம் கொடுப்பார். தைத்து முடித்ததும் வாங்கிக்கொண்டுபோய்ச் சேர்ப்பார். நானும் அப்படித் தைக்கிறவள்தான். நைட்டி தைப்பேன், சின்னப் பிள்ளைகள் கவுன் தைப்பேன்.

காரை ஒர்க்‌ஷாப்பில் விட அவருக்கு மனசு வராது. விட்டால் மூன்று நாள், நாலு நாள் என்று இழுக்கும். கல்யாணத்துக்கு முன்னாலேயே தீப்பெட்டிக் கம்பெனி லாரி ஓட்டினவர். வழியில் வண்டி எங்கே நின்றாலும் தானே அடியில் படுத்துச் சரிசெய்து பழகியவர். எங்கள் பக்கத்துப் பாதைகளோ மழையில் குழம்பாகி, டிராக்டர் போன தடம் அப்படியே காய்ந்து கல்லாக நிற்கும். அதில் போய்வருகிற காரின் அடிவயிறு உரசிக்கொண்டே இருக்கும். அதனால் மாதத்தில் ஒரு நாளாவது அவர் காருக்கு அடியில் கிடப்பார்.

எனக்கு அது பிடிக்காது. பிடிக்காது என்று சொல்வதுகூடச் சரியில்லை. அவர் அடியில் நுழைந்ததும் என் கால் மிஷின் மிதியில் நின்றுவிடும். ஜன்னல் வழியாக அவருடைய இரண்டு பாதங்களையும் பார்த்துக்கொண்டிருப்பேன். பெருவிரல் அசைந்தால் சரி. கொஞ்ச நேரம் அசையாவிட்டால் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவேன். ஆரம்பத்தில் ஜாக்கியை ஏற்றிப் பக்கத்தில் இரண்டு செங்கல்லை வைத்துவிட்டு நுழைவார். ஒரு தடவை அந்தச் செங்கல் ஒன்று சும்மாவே இரண்டாகப் பிளந்து கிடந்ததைப் பார்த்தேன். அவரிடம் காட்டினேன்.

"லாரிக்கே கல்லு வச்சு வேல பாத்தவன் நானு. இந்தத் தீப்பெட்டிக்குப் போயி பயப்படுதியே" என்றார்.

இருந்தாலும் என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, அவருக்குப் பழக்கமான ஒரு பட்டறையில் கட்டடக் கம்பியை வளைத்து, மூன்று கால் வைத்து, மேலே ஒரு பட்டை வைத்து வெல்டிங் செய்த இரண்டு ஸ்டாண்டு வாங்கிவந்தார். ஒவ்வொரு காலும் என் சுண்டுவிரல் கனம்தான். ஆனாலும் இரும்பு அல்லவா என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த ஸ்டாண்டில் நாலைந்து தடவை கார் நன்றாகத்தான் நின்றது. பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

நல்ல வெயில் காலம். மண் வெடித்துக் கிடந்தது. எங்கள் வாசலில் ஒரு வெடிப்பு நடைப்படியிலிருந்து கிளம்பிக் காருக்கு அடியில் போய் எங்கேயோ முடியும். முழுக் கையையும் உள்ளே விடலாம். அவர் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் காரின் முன்பக்கத்தை இரண்டு ஸ்டாண்டிலும் ஏற்றி, இடது சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, உரச்சாக்கு ஒன்றை விரித்து அதில் மல்லாந்து உள்ளே போனார். எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் சட்டியில் கசிவு. சட்டியைக் கழற்றி, அது எஞ்சினோடு ஒட்டுகிற இடத்துப் பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியது வைக்க வேண்டும். ஸ்பானர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னால் வாசல் தெளித்தாக வேண்டும். கார் நிற்கிறது, அவர் கிடக்கிறார் என்பதற்காக வெள்ளிக்கிழமை வாசலைக் காயப்போட எனக்குத் தோன்றவே இல்லை. வாளியில் தண்ணீர் எடுத்து, அவர் மேல் படாமல் காரைச் சுற்றித் தெளித்தேன். அவ்வளவு கவனமாகத் தெளித்தேன். கடைசியில் வாளியில் மிஞ்சினதை எப்போதும் போல நடையோரத்து வெடிப்பில் ஊற்றினேன். வெடிப்பில் ஊற்றினால் மண் ஊதி வாய் கொஞ்சம் மூடிக்கொள்ளும், பூச்சி பொட்டு ஏறாது. எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். கால் வாளித் தண்ணீர் இருக்கும். மடமடவென்று உள்ளே போயிற்று. நல்ல தாகம் இந்த மண்ணுக்கு என்று நினைத்தபடி கோலமாவு எடுக்கப் போனேன்.

திரும்பிவந்து குனிந்தபோது காரின் நம்பர் பிளேட்டு கண்ணில் பட்டது. தைக்கிறவளுக்குக் கோணல் உடனே தெரிந்துவிடும். பிளேட்டு இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது. முதலிலேயே அப்படித்தான் இருந்ததா என்று ஒரு நொடி யோசித்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. சத்தமே இல்லை. மாவுக்குள் விரல் இறங்குகிற மாதிரி ஸ்டாண்டின் கால் ஒன்று மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

கத்த வேண்டும். வாயைத் திறந்தேன். என்ன சொல்லிக் கத்துவது என்று தெரியவில்லை. அவரைப் பேர் சொல்லி நான் கூப்பிட்டதே கிடையாது. 'ஏங்க' என்பதும் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொல்கிற சொல்தான். தொண்டையில் காற்றுதான் வந்தது. மாவுக் கிண்ணம் எங்கே விழுந்தது என்று தெரியாது. இரண்டு கையாலும் அவர் காலடியில் கிடந்த உரச்சாக்கின் நுனியைப் பிடித்து என் பக்கமாக இழுத்தேன். அவர் என்னைவிட அதிகக் கனம். முதல் இழுப்பில் அசையவில்லை. காலைத் தரையில் ஊன்றி, முதுகை வளைத்து, இன்னொரு தடவை இழுத்தேன். சாக்கு வழவழப்பானது. சரக்கென்று வந்தது, அவரும் வந்தார். முகம் வெளியே வந்ததும் முதல் வார்த்தை எனக்கு விழுந்த திட்டுதான்.

"ஏட்டி, கோட்டி பிடிச்சிட்டா ஒனக்கு! சட்டிய கைல பிடிச்சிருக்கேன்…"

அதற்குள் மளுக்கென்று ஒரு சத்தம். காரின் இடது முன்பக்கம் இறங்கியது. சக்கரம் கழற்றின இடத்து இரும்பு தரையில் குத்தி நின்றது. அவர் நெஞ்சு இருந்த இடத்தில் இப்போது ஒரு சாண் உயரம்கூட இல்லை. கறுப்பு ஆயில் அங்கே மெதுவாகப் பரவியது.

இரண்டு பேரும் ரொம்ப நேரம் உட்கார்ந்தே இருந்தோம்.

மறுநாள் காலையில் அவர் வேறு இடத்தில் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி, கையை மட்டும் உள்ளே விட்டுச் சட்டியை எப்படியோ திரும்ப மாட்டிச் சக்கரத்தையும் மாட்டினார். ஸ்டாண்டை வெளியே எடுத்துப் பார்த்தால் ஒரு கால் வளைந்திருந்தது. அதுதான் அவருக்குக் கிடைத்த காரணம். வருகிற போகிறவர்களுக்கெல்லாம் அந்தக் காலைக் காட்டினார். "கம்பியா இது? ஒயரு. பட்டறைக்காரன் என்னைக் கொல்லப் பாத்திருக்கான்" என்றார். கேட்டவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் சொல்லவில்லை. கால் வளைந்தது பிறகுதான், முதலில் அது இறங்கியது, நான் ஊற்றின தண்ணீரில் இறங்கியது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை அவர் அந்தப் பட்டறைக்காரரைத் திட்டும்போதும் நான் உள்ளே போய் மிஷினில் உட்கார்ந்துகொண்டேன்.

தெரியும் என்றாலும் நிச்சயமாகத் தெரிய வேண்டியிருந்தது. அவர் துணி கொடுக்க லைனுக்குப் போன ஒரு நாள், வாசலின் இன்னொரு மூலையில் வளையாத ஸ்டாண்டை வைத்து அதன்மேல் ஏறி நின்று பார்த்தேன். அசையவில்லை, பாறை மாதிரி இருந்தது. பக்கத்து வெடிப்பில் இரண்டு செம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஒரு கவுனுக்குக் கை தைத்து முடித்துவிட்டு வந்து திரும்ப ஏறினேன். நான் ஒன்றும் பெரிய கனமில்லை. ஒரு கால் இறங்கிவிட்டது. கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பை வைத்து அளந்தேன். இரண்டரை இஞ்சு. மேலே பார்த்தால் தரை காய்ந்துதான் தெரிந்தது. ஈரம் எல்லாம் உள்ளே. அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது.

அவசரத்தில் மாட்டின சட்டியில் கசிவு நிற்கவில்லை. தினமும் ஆயில் ஊற்றி ஊற்றி ஓட்டினார். ஒரு வாரம் கழித்துச் சொன்னார்.

"கோவில்பட்டிக்குப் போயி ஆறு டன்னு ஸ்டாண்டு வாங்கிட்டு வாரேன். ஆறு டன்னுன்னா யானையே நிக்கும். பெறகு நிம்மதியா படுத்துப் பாக்கலாம்."

அதே வாசலில், அதே மண்ணில் படுக்கப் போகிறார்.

"நானும் வாரேன்" என்றேன்.

"நீயா? கடைக்கா?" என்று சிரித்தார். நான் கடைக்குப் போய் ஒரு பொருளைக் கேட்டு வாங்கி வருடக்கணக்காகிறது. மிஷினுக்கு ஊசி வேண்டும் என்று ஏதோ சொன்னேன். போவதற்கு முன்னால், பஞ்சர் பார்க்க அவர் ஜாக்கியை முழு உயரத்துக்கு ஏற்றினபோது, தரையிலிருந்து கார்க் கதவுக்குக் கீழே உள்ள ஓரப்பட்டி வரைக்கும் அளந்துகொண்டேன். பதினாலு இஞ்சு. அதைத் துணி வெட்டுகிற சாக்கட்டியால் ஒரு துண்டுத் துணியில் எழுதி மடித்து வைத்துக்கொண்டேன். எதற்கு அளக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. நான் எதையாவது அளந்துகொண்டே இருப்பது அவருக்குப் பழக்கம்தான்.

அந்தக் கடை பெரியதொன்றும் இல்லை. வாசலிலிருந்தே சங்கிலி, போல்ட்டு, டயர் டியூப் எல்லாம் தொங்கிற்று. கடைக்காரர் வயசான முஸ்லிம் மனிதர். என் வீட்டுக்காரருக்கு லாரிக் காலத்துப் பழக்கம்.

"வாங்க வாங்க. என்ன, வீட்டு அம்மாவயும் கூட்டிட்டு வந்திருக்கிய? இன்னைக்கு பேரம் பேசி மாளாதே."

"பேரமா! அவ வாயத் தொறந்தா ஒங்களுக்கு ஒரு டீ வாங்கித் தாரேன் பாய். ஆறு டன்னு ஸ்டாண்டு ஒரு ஜோடி எடுங்க."

"எந்த வண்டிக்கு?"

வண்டியைச் சொன்னார்.

"ஒங்க வண்டி கனம் ஒரு டன்னுகூட வராதே. ஆறு டன்னு எதுக்கு? வீட்டயா தூக்கப் போறிய?"

"அடிபட்டவனுக்குத்தான் பாய் தெரியும். கனமா எடுங்க."

கடைக்காரர் அலுத்துக்கொண்டே உள்ளே போய் ஒன்றைத் தூக்கிவந்து தரையில் வைத்தார். பெரிய சாமான். மடியில் வைத்தால் பிள்ளை கனம் இருக்கும். என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் டேப்பை எடுத்து, அதை முழுக்க இறக்கின நிலையில் அளந்தேன். பதினாறு இஞ்சு.

பேச வேண்டும். துணித் துண்டைப் பிரித்து அவரிடம் நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "என்னது பதினாலு?" என்றார்.

"ஜாக்கி… நம்ம ஜாக்கி அவ்வளவுதான் தூக்குது. இது பதினாறு. உள்ளயே போகாது."

சொல்லி முடிப்பதற்குள் காது சூடேறிவிட்டது. கடைக்காரர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "ஒரு டீ எனக்கு வரணும்" என்றார்.

பிறகு மூன்று டன் என்று எழுதியிருந்த இரண்டு வகையைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டும் பதினோரு இஞ்சு. ஒன்று பளபளவென்று சிவப்புப் பெயிண்ட். மற்றது சாம்பல் நிறம், பார்க்கச் சுமார்தான். நடுத்தண்டில் பல் வெட்டியிருந்தது. கைப்பிடியைத் தூக்கினால் தண்டு ஏறும், விட்டால் பல்லில் ஒரு நாக்கு போய்க் கவ்விக்கொள்ளும். அந்தச் சின்ன நாக்கின் மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு விரல் அகல இரும்பை நம்பித்தான் ஒரு ஆள் அடியில் படுக்க வேண்டுமா?

கடைக்காரருக்கு என் முகம் புரிந்திருக்க வேண்டும். சாம்பல் ஸ்டாண்டில் குறுக்காக ஒரு துளையைக் காட்டினார். சங்கிலியில் தொங்கின கனமான இரும்புப் பின் ஒன்றை அதற்குள் செருகினார். "பல்லு வழுக்குனாலும் இது விடாதும்மா. ரெண்டு காவல்."

நான் உட்கார்ந்து இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் வெல்டிங் பிடித்த இடத்தைப் பார்க்கும்போது அது தையல் மாதிரித்தான் இருந்தது. சாம்பல் ஸ்டாண்டில் வரி ஒரே சீராக, விட்ட இடமில்லாமல் ஓடியிருந்தது. சிவப்பில் இரண்டு இடத்தில் துள்ளிப் போயிருந்தது. மேலே பெயிண்ட் அடித்து மூடியிருந்தார்கள்.

"இதுல தையல் விட்டிருக்கு" என்றேன்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். கடைக்காரர் சிரிக்கவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஸ்டாண்டை வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் பெயிண்ட்டைச் சுரண்டிப் பார்த்தார். பிறகு அதை எடுத்துக் கல்லாவுக்கு அடியில் வைத்துவிட்டார். "எம் பொழப்பக் கெடுக்க வந்தியாம்மா நீ? இது போன மாசம் வந்த சரக்கு. திருப்பி அனுப்பணும்" என்று முணுமுணுத்தார்.

சாம்பல் ஸ்டாண்டு இரண்டையும் தரையில் வைத்து மேலே கையை ஊன்றி ஆட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றின் நாலு காலும் தரையில் ஒட்டியிருந்தன. ஆடவில்லை.

"சரி, கட்டுங்க பாய்" என்றார் இவர்.

கடைக்காரர் சணல் எடுக்கக் குனிந்தவர், நிமிர்ந்து கேட்டார். "வைக்கிற தரை எப்படி? சிமெண்டுதான?"

"மண்ணு தரதான். ஆனா பாறை மாதிரி. கடப்பாரை எறங்காது."

இதோடு முடிந்துவிடும். கட்டித் தந்துவிடுவார். நாளைக்கே இவர் அதே மண்ணில் படுத்துவிடுவார். நான் தண்ணீர் ஊற்றாமல் இருந்தால் போதும்தானே என்று ஒரு நொடி நினைத்தேன். ஆனால் மழை பெய்யாதா? பக்கத்து வீட்டு மதினி துணி துவைத்த தண்ணீரைச் சாய்த்துவிட மாட்டாளா? அவளும் வெடிப்பில்தான் ஊற்றுவாள்.

"பாறை இல்ல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "கரிசத் தரை. தண்ணி பட்டா எறங்கிரும். அன்னைக்கி… அன்னைக்கி நாந்தான் வாசல் தெளிச்சிட்டு மிச்சத் தண்ணிய வெடிப்புல ஊத்துனேன். அதுலதான் எறங்கிச்சு. பட்டறைக்காரரு மேல தப்பில்ல."

கடையில் வேறு இரண்டு பேர் நின்றார்கள். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமா என்ன என்று எனக்குப் புரியவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

கடைக்காரர்தான் மெதுவாகப் பேசினார். "அப்ப அந்தத் தரையே வேண்டாம். தகடு கிகடு வச்சு சமாளிக்கலாம், இருந்தாலும் கரிசல நம்ப முடியாது. அதுக்கு ஒரு நாளைக்கி ஒரு கொணம். சிமெண்டுத் தரையாப் பாருங்க. கழட்டுன சக்கரத்த அங்கன இங்கன சாத்தாம வண்டிக்கு அடில தள்ளிப் போடுங்க. படுக்கதுக்கு முன்ன நாலு பக்கமும் நல்லா மோதித் தள்ளிப் பாருங்க. விழுதுன்னா ஆளில்லாதப்ப விழட்டும்."

கசிகிற காரை அவ்வளவு தூரம் ஓட்ட வேண்டாம் என்று பஸ்ஸில்தான் போயிருந்தோம். திரும்பும்போது எனக்குப் பெண்கள் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவர் பின்னால் எங்கேயோ, காலடியில் இரும்பு மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். வழி முழுக்க எனக்கு அவர் முகம் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவும் தைரியம் இல்லை. கொலை பண்ணப் பார்த்தவள் என்று நினைப்பாரோ? ஒரு வாரம் மறைத்தாளே என்று நினைப்பாரோ? எட்டயபுரம் தாண்டியும் அதேதான் ஓடியது. விளாத்திகுளத்தில் பஸ் மாறினோம். மூட்டையை என் கையில் தராமல் அவரே தூக்கிக்கொண்டார்.

எங்கள் ஊர்ப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கி, கம்பங்காட்டு ஓரமாக நடக்கும்போதுதான் பேசினார்.

"நீ இழுத்தப்ப நான் திட்டுனேம்லா?"

"ம்."

"வண்டி எறங்குனது எனக்குத் தெரியவே இல்லட்டி. சட்டில சொட்டுத ஆயிலத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்." கொஞ்ச தூரம் நடந்தார். "தெரியாமலே போயிருப்பேன்."

தோள் மாற்றிக்கொள்வது போல மூட்டையை இறக்கிவைத்து நின்றார். கை நடுங்கிற்று. கனத்தினால் என்று சொல்லலாம்தான். அவருக்கும் பயம் என்று அன்றுதான் பார்த்தேன். அது எனக்கு ஆறுதலாக இல்லை. பயம் இரண்டு பங்கானது போலத்தான் இருந்தது.

எங்கள் ஊரில் சிமெண்டுத் தரை என்றால் ஊர்க் களம் ஒன்றுதான். மிளகாய் வத்தல் காயப்போடுகிற களம். ஊரின் நடுவில், வேப்பமரத்தடியில் ஆட்கள் எப்போதும் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு எதிரே இருக்கிறது. வத்தல் காலம் முடிந்து களம் காலியாகக் கிடந்தது. களத்துப் பொறுப்பைப் பார்க்கிற பெரியவர் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா முறை, எனக்கு மாமா. "ஆயிலு சிந்துனா வத்தல்ல வாடை ஏறும் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அனுமதி கொடுத்தார். அந்த மாமா வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுகிறவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைக் களத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம். கீழே பழைய சாக்குகளைக் கனமாக விரித்தோம். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். ஜாக்கியை ஏற்றி, ஓரப்பட்டியில் கனமாயிருக்கிற இடம் பார்த்து ஸ்டாண்டை வைத்து, நாக்கு பல்லில் விழுந்த சத்தத்தைக் கேட்டு, பின்னைச் செருகினார். இரண்டு பக்கமும் அப்படியே. சக்கரத்தைக் கழற்றி அடியில் தள்ளினார். மரத்தடியில் ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள்.

"என்ன மாப்ள, வண்டிக்குக் கட்டிலு வாங்கிருக்கியா?"

"ஏலே, அதுக்கு ஒரு தலவாணியும் போடுலே."

அவர் அதைக் காதில் வாங்காமல் என்னைப் பார்த்தார். "தள்ளுட்டி."

"நானா?"

"ஆமா. நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். நல்லா மோது."

அத்தனை ஆம்பளைகள் முன்னால். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன். கையை வைத்துத் தள்ளினேன். அது தள்ளுவதாகவே இல்லை, தடவுவது போல இருந்தது. விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். ஆளில்லாதப்ப விழட்டும் என்று கடைக்காரர் சொன்னதை நினைத்துக்கொண்டு, தோளைக் கொடுத்து, முழு உடம்பாலும் மோதினேன். இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை.

"புருசன் மேல உள்ள கோவத்த வண்டி மேல காட்டுதா பாரு" என்று பக்கத்து வீட்டு மதினி குரல் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். கார் ஸ்பிரிங்கில் லேசாக அசைந்து நின்றுவிட்டது. குனிந்து பார்த்தேன். எட்டுக் காலும் சிமெண்டில் ஒட்டியிருந்தன.

அவர் சாக்கில் படுத்தார். உள்ளே போவதற்கு முன்னால் ஒரு நொடி மேலே வானத்தைப் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

நான் களத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். இரண்டு ஸ்டாண்டும் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. "வாடி, நிழலுக்கு வா, அவரு என்ன சின்னப் பிள்ளையா?" என்று மதினி கூப்பிட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன். ஒரு போல்ட்டு கழன்று வெளியே உருண்டு வரும். எடுத்துக் கிண்ணத்தில் போடுவேன். இன்னொன்று வரும். எண்ணிக்கொண்டே இருந்தேன். இடையிடையே ஸ்டாண்டின் காலைப் பார்ப்பேன்.

அப்போதுதான் மாமா வந்தார். களத்தில் ஆயில் சிந்தியிருக்கிறதா என்று பார்க்க வந்திருப்பார். கைத்தடி ஊன்றி நடந்துவந்து, என்னைப் பார்க்காமலே காருக்குப் பக்கத்தில் நின்று, "என்னலே, முடிஞ்சிட்டா?" என்று கேட்டார். உள்ளேயிருந்து இவர் ஏதோ பதில் சொன்னார். மாமாவுக்குக் கால் வலி. தடியைப் பக்கத்தில் சாத்திவிட்டு, அவர் பாட்டுக்குத் திரும்பி, காரின் முன் ஓரத்தில் இடுப்பைக் கொடுத்துச் சாய்ந்தார். பிறகு இன்னும் கொஞ்சம் ஏறி உட்காரப் போனார். கார் அசைந்தது. ஸ்பிரிங்தான் அசைகிறது என்று தெரியும். தெரிந்தும் என் கண் முன்னால் நம்பர் பிளேட்டு சாய்ந்தது.

"மாமா! எந்திரிங்க! வண்டில சாயாதிய!"

களம் முழுக்கக் கேட்டது. மாமா திடுக்கிட்டு எழுந்து, தடியைத் தடவி எடுத்து, என்னை முழுதாகப் பார்த்தார். நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. தலையைக் குனிய நினைத்தேன், குனிய முடியவில்லை. ஸ்டாண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இருந்த இடத்தில் இருந்தது. மாமா இரண்டு எட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

காருக்கு அடியிலிருந்து கேட்டது. "யாருட்டி அது, அந்தக் கத்து கத்துனது?"

"நாந்தான்."

அவருடைய பெருவிரல் அசைந்தது.

"சரி. அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பானர இங்கன தள்ளு."